சின்னப் பிள்ளைகளுக்கான வகுப்பறையை அமைப்பது எப்படி: ஒரு கோயில் மண்டபத்திலிருந்து, படிப்படியாக

பர்மாவில், யாங்கோனுக்குப் பக்கத்தில் உள்ள தன்லினில் ஒரு கோயில் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். 3 வயதிலிருந்து 6 வயது வரை. பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் சனி, ஞாயிறு மட்டும், கோடை விடுமுறையில் தினமும் காலையில். (தன்லின் என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிபடாது. அவர்களுக்கு அது இன்னும் சிரியம்தான், யாங்கோனும் ரங்கூன்தான்.) முதல் இரண்டு வருஷம் நான் பாடம் நடத்தியதை விடக் கத்தியதுதான் அதிகம். உட்காரு, ஓடாதே, அதைத் தொடாதே, இங்கே பார். மதியம் வீட்டுக்குப் போனால் தொண்டை கட்டியிருக்கும், இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று புலம்பிக்கொண்டு சுக்குக் காப்பி குடிப்பேன்.

ஒரு சனிக்கிழமை என் கம்மல் திருகு கழன்று விழுந்துவிட்டது. அதைத் தேடி மண்டபத்தில் முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தபோது தலையைத் தூக்கிப் பார்த்தேன். வாசலிலிருந்து சன்னதி வரைக்கும் வழவழவென்று வெறும் சிமெண்டுத் தரை, நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த உயரத்திலிருந்து பார்க்கும் எந்தப் பிள்ளையும் ஓடத்தான் செய்யும். நானே அந்த நிமிஷம் ஓடலாம் போலிருந்தது. நான் வாயால் "ஓடாதே" என்கிறேன், மண்டபம் "ஓடி வா" என்கிறது. மண்டபத்தின் குரல்தான் பெரிது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்குதான். பிள்ளை சொன்ன பேச்சு கேட்கவில்லையா, முதலில் அறையைச் சந்தேகப்படு, பிள்ளையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பர்மாவில் 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனதிலிருந்து தமிழ் பெரும்பாலும் இந்த மாதிரிக் கோயில் மண்டபங்களிலும் யாராவது ஒருவர் வீட்டு முன்னறையிலும்தான் நடக்கிறது. அதனால் தனிக் கட்டடம், சம்பளத்துக்கு நாலு டீச்சர் என்றெல்லாம் எழுதி உங்களை ஏங்க வைக்கப் போவதில்லை. இருக்கிற இடத்தில் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: முட்டி போடுங்கள்

விளையாட்டாகச் சொல்லவில்லை. 4 வயதுப் பிள்ளை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், நீங்கள் முட்டி போட்டால் உங்கள் கண் கிட்டத்தட்ட அதன் கண் மட்டத்துக்கு வந்துவிடும். செருப்பு விடும் இடத்திலிருந்து தொடங்கி, அப்படியே முட்டியாலேயே அறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றுங்கள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், எங்கள் கோயில் செயலாளர் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து ஒதுங்கிப் போனார்.

கையில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே ஓடத் தோன்றுகிறது, எங்கே ஏறத் தோன்றுகிறது, கைக்கு எட்டக்கூடாத எது எட்டுகிறது (எங்களிடம் விளக்கு எண்ணெயும் தீப்பெட்டியும் எட்டின), எட்ட வேண்டிய எது எட்டவில்லை. முக்கியமாக, கண்ணுக்கு எதிரே என்ன தெரிகிறது என்று பாருங்கள். எங்கள் மண்டபத்தில் அகர வரிசைப் படம் ஆறடி உயரத்தில் மாட்டியிருந்தது. பிள்ளைகளின் கண் மட்டத்தில் இருந்ததோ சுவிட்சுப் பெட்டி.

இரண்டாம் படி: எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது

அமெரிக்காவில் பல மாநிலங்களில் மழலையர் வகுப்புக்கு உரிமம் கொடுக்கும்போது ஒரு பிள்ளைக்கு 35 சதுர அடி என்று கணக்கு வைக்கிறார்கள், அலமாரி, கழிவறையெல்லாம் கழித்து, பிள்ளைகள் உண்மையில் புழங்கும் இடம் மட்டும். எங்கள் மண்டபத்தில் அப்படிப் புழங்கும் இடம் 18 அடிக்கு 30 அடி, அதாவது 540 சதுர அடி. 15 பேருக்குத்தான் சரி. என்னிடம் வந்ததோ 24 பேர்.

எங்கள் ஊர்ப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனசு வராது, தெரியும். ஆனால் நெருக்கிப் போட்டால் தள்ளுமுள்ளும் கடியும் நிச்சயம் (3 வயதில் கோபம் பல்லில்தான் இருக்கிறது). நாங்கள் தாழ்வாரத்தையும் சேர்த்துக்கொண்டோம், எந்த நேரத்திலும் எட்டுப் பத்துப் பேர் வெளியே இருக்கும்படி. ஒரு பெரியவருக்குப் பத்துப் பிள்ளைக்கு மேல் வேண்டாம், 3 வயதுக்காரர்கள் அதிகம் என்றால் அதையும் குறையுங்கள். ஆள் இல்லையென்றால் காத்திருக்கும் அம்மாக்களில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். எப்படியும் அவர்கள் வாசலில் உட்கார்ந்து எட்டி எட்டித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் படி: ஓடுபாதையை உடையுங்கள்

இதுதான் பெரிய வேலை, இது ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதிக் கத்தல் குறைந்துவிடும். பெரிய வெற்றிடத்தைச் சின்னச் சின்ன மூலைகளாகப் பிரிக்க வேண்டும். சுவர் எழுப்ப வேண்டாம், தடுப்பு பிள்ளையின் நெஞ்சு உயரம் இருந்தால் போதும். பிள்ளைக்கு அது தனி அறை மாதிரி இருக்கும், நின்றுகொண்டிருக்கும் உங்களுக்கோ எல்லாத் தலையும் தெரியும். பழப்பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே துணி போட்டு நாங்கள் அலமாரியாக வைத்திருக்கிறோம். ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு வையுங்கள். மண்டபத்துத் தூண்கள் தடுப்புக்கு நல்ல துணை. ஒரு பாய் விரித்தால்கூடப் பிள்ளைக்கு அது எல்லைதான், பாய் ஓரத்தில் நடை தானாக நிற்பதைப் பாருங்கள்.

எந்த மூலை எங்கே என்பதற்கு என் விதி இரண்டு. சத்தமானது சத்தமானதோடு, அமைதியானது அமைதியானதோடு. ஈரம் வாசல் பக்கம், காய்ந்தது உள்ளே. கட்டைகள் அடுக்கும் இடத்தையும் கதைப் புத்தக மூலையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் புத்தகம் தோற்றுவிடும். முதல் நாளே ஐந்து மூலை வைக்க ஆசைப்படாதீர்கள், மூன்று போதும்: கட்டை, புத்தகம், வீட்டு விளையாட்டு. தண்ணீரும் அரிசியும் அப்புறம் சேர்ந்துகொள்ளட்டும், படம் வரைவது அதற்கும் அப்புறம்.

வீட்டு விளையாட்டு மூலை பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தோழி ஆசையாய் மரச்சொப்புச் சாமான் கொண்டுவந்து கொடுத்தாள், அழகான அம்மி, உரல், திருகை. பிள்ளைகள் இரண்டு நாள் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அவர்கள் யாரும் வீட்டில் திருகையைப் பார்த்ததே இல்லை. சரி, அவர்கள் தினமும் பார்ப்பது என்ன? டீக்கடை. நாலு சின்னப் பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு குட்டை மேசை, ஒரு கெட்டில், உடையாத தம்ளர்கள் வைத்தேன். பத்து நிமிஷத்தில் ஒரு பையன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பது போல் "ப்ச் ப்ச்" என்று சர்வரைக் கூப்பிட்டான். இங்கே டீக்கடையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இன்னொருத்தி ஓடி வந்து "என்ன வேணும்?" என்றாள், தமிழில். வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து அவள் என்னிடம் பர்மிய மொழியைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. மோஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) ரெண்டு, சீனி கம்மியா டீ ஒண்ணு என்று அன்று அந்த மூலையில் ஓடிய தமிழ் என் பாடத்தில் ஒரு மாதத்துக்கும் வந்திராது.

அந்த ஸ்டூல் பற்றி இன்னொரு விஷயம். நாற்காலி சரியில்லையென்றால் பிள்ளை நெளியும், நாம் அதை அடங்காமை என்போம். கால் இரண்டும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், அவ்வளவுதான் விதி. ஐரோப்பியப் பள்ளித் தளவாட அளவுகளில் மிகச் சின்ன மூன்று இருக்கைகளின் உயரம் 21, 26, 31 சென்டிமீட்டர். ஒரு டேப் எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய் ஸ்டூல்களை அளந்து பாருங்கள், நம் பிள்ளைகளுக்குத் தோதான உயரத்தில் கடைத்தெரு முழுக்கக் குவிந்து கிடக்கிறது. மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பள்ளி தொடங்கியபோது பிள்ளைகள் உயரத்துக்கு மேசை நாற்காலி செய்ய வைத்தது அப்போது ஒரு புதுமை. (அவர் 1939-ல் அடையாறுக்கு வந்து, போரினால் இந்தியாவிலேயே தங்க வேண்டியதானது. அதே காலத்தில், 1942-ல், நம் தாத்தா பாட்டிகள் குண்டுக்குப் பயந்து ரங்கூனிலிருந்து கால்நடையாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சம்பந்தம் ஒன்றுமில்லை, நினைத்தால் எப்படியோ இருக்கிறது.)

ஸ்டூலால் இன்னொரு லாபம். நாலு ஸ்டூல் இருந்தால் அந்த மூலையில் நாலு பேர். ஐந்தாவது ஆள் வந்தால் "இடம் இல்லை, அப்புறம் வா" என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நான் விதி எழுதி ஒட்ட வேண்டியதில்லை.

நான்காம் படி: சாமான் குறையட்டும்

ஒரு மூலைக்கு ஏழெட்டுப் பொருள், அதற்கு மேல் வேண்டாம். மிச்சம் டிரங்குப் பெட்டிக்குள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சிலதை மாற்றுங்கள், பெட்டியிலிருந்து வெளியே வரும் பழைய பந்து புதுப் பந்தாகிவிடும். அலமாரியில் ஒவ்வொரு பொருளும் இருக்கும் இடத்தில் அதன் வடிவத்தைச் சுற்றிக் கோடு போட்டு வையுங்கள், கெட்டிலுக்குக் கெட்டில் கோடு, தம்ளருக்கு வட்டம். எடுத்ததை எங்கே வைப்பது என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்களுக்கு இது உயிர்நாடி, ஏனென்றால் மதியம் அதே மண்டபத்தில் அன்னதானம், சில ஞாயிறுகளில் கல்யாணம். இருபது நிமிஷத்தில் எல்லாம் பெட்டிக்குள் போயாக வேண்டும். பிள்ளைகள்தான் எடுத்து வைக்கிறார்கள்.

எதை வைப்பது? விலைக்கு வாங்குவதற்கு முன்னால் வீட்டைப் பாருங்கள். இங்கே அரிசி அளப்பது பால்டின்னில், எட்டு டின் ஒரு ப்யி (இந்த ஊர்ப் படி). இதை விடப் பெரிய கணக்குப் பாடம் எனக்குத் தெரியாது. ஒரு அகலத் தட்டில் அரிசி, ஓரம் மழுங்கத் தட்டிய பழைய பால்டின், ஒரு ப்யிப் படி. "ஒண்ணு, ரெண்டு" என்று எட்டு வரை எண்ணிக் கொட்டினால் படி தலை தட்டி நிற்கும், ஏழில் நிறுத்தினால் குறைவது கண்ணுக்குத் தெரியும், ஒன்பதாவது சிந்தும். சிந்தட்டும், கீழே பாய் இருக்கிறது. பிரம்பால் பின்னிய சின்லோன் பந்து, தள்ளினாலும் எழுந்து நிற்கும் காகிதக்கூழ் பொம்மை, தேங்காய்ச் சிரட்டை, பழைய கைலித் துணி, மூங்கில் துண்டு, எல்லாமே கடைத்தெருவில் காசுக்கு மலிவு. பெருங்கடைக்குப் போக வேண்டுமென்றால் ரங்கூனில் காளியம்மன் கோயிலை ஒட்டிய தெயின்ஜி சந்தையில் கிடைக்காத சட்டி பானை இல்லை.

இப்போது என் தப்பு ஒன்று. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை வைத்திருந்தேன், எல்லோருக்கும் எட்டும் அலமாரியில். மூன்றரை வயதுப் பையன் ஒருவன் ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டான். அழவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, மூக்கை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தான். மறுநாள் ஈரத்தில் கொட்டை உப்பி, அவன் அம்மா அவனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழலுக்குள் எது நுழையுமோ அது 3 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது, பெரிய பிள்ளைகளுக்கும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். பட்டன் பேட்டரி போட்ட, விளக்கு எரியும் பொம்மை எதுவும் வேண்டவே வேண்டாம், யார் நன்கொடையாகக் கொடுத்தாலும். அதை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். பழைய சாமானுக்கு அடித்த மஞ்சள், ஆரஞ்சுப் பெயிண்ட் உரிகிறது என்றாலும் தூக்கிப் போடுங்கள், ஈயம் இருக்கலாம்.

ஐந்தாம் படி: சுவரை விட்டுவிடுங்கள்

இதில்தான் எல்லோரும் என்னோடு சண்டை போடுவார்கள். கமிட்டிக்கு வகுப்பறை என்றால் நாலு சுவரும் கலர் கலராக இருக்க வேண்டும், அப்போதுதான் வருகிறவர்களுக்குப் "பள்ளிக்கூடம்" மாதிரித் தெரியும். மயில், முயல், மழலை எண்கள், திருவள்ளுவர், மாலை போட்ட நன்கொடையாளர் தாத்தா, எல்லாம் ஒரே சுவரில்.

2014-ல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேர், சில பாடங்கள் சுவர் நிறையப் படங்கள் உள்ள அறையில், சில பாடங்கள் வெறும் சுவர் அறையில். அலங்கார அறையில் பாட நேரத்தில் 38.6 சதவீதம் கவனம் வேறு பக்கம் போயிற்று, வெறும் அறையில் 28.4. பாடத்தில் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அலங்கார அறையில் 42 சதவீதம், வெறும் அறையில் 55. சின்னச் சோதனைதான், 24 பேரை வைத்து உலகத்தையே முடிவு கட்ட முடியாது. ஆனால் என் கண்ணால் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. நான் கதை சொல்லும்போது என் தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அதைத்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள். அதனால் கதை சொல்லும் பக்கத்துச் சுவர் காலி. மற்ற இடத்தில் பிள்ளைகள் வரைந்ததை மட்டும், அவர்கள் கண் மட்டத்தில், கயிறு கட்டிக் கிளிப் போட்டு மாட்டுகிறோம். நன்கொடையாளர் தாத்தா தாழ்வாரத்துக்குப் போய்விட்டார், அவருக்கும் அங்கே நல்ல காற்று.

ஆறாம் படி: மழை, சத்தம், வெளிச்சம்

ஜூன் முதல் அக்டோபர் வரை இங்கே பெய்யும் மழையில் தகரக்கூரையின் கீழ் நின்று யாராவது பாடம் நடத்திப் பார்க்கட்டும். வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சாதாரணமாகப் பேசுவதே 60 டெசிபலைத் தொடும், தகரத்தில் ஜூலை மழை விழும்போது நான் கத்துவது எனக்கே கேட்காது. ஆகவே மழையோடு போட்டி போடாதீர்கள். மழை வலுத்தால் நான் மஞ்சள் துண்டு ஒன்றைத் தூக்கிப் பிடிப்பேன். வாய்ப்பேச்சு நிறுத்தம், எல்லோரும் கையால் செய்யும் வேலைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம்: அரிசியில் எழுதுவது, களிமண், கோலப்புள்ளி. மழைக்கு என்று தனி டிரங்குப் பெட்டியே வைத்திருக்கிறோம். வெறும் சிமெண்டும் ஓடு பதித்த சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், கோரைப்பாயும் தொங்கவிட்ட பழைய கைலிகளும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். காசு இருந்தால் கூரைக்குக் கீழே மூங்கில் தட்டி அடியுங்கள், வெயிலுக்கும் நல்லது.

வெளிச்சத்துக்கு மின்சாரத்தை நம்பாதீர்கள், அது வரும் நேரம் உங்களுக்கே தெரியும். எழுதுவதும் வரைவதும் ஜன்னல் பக்கம், வெளிச்சம் தோளுக்குப் பக்கத்திலிருந்து வரும்படி.

ஏழாம் படி: ஒளிந்துகொள்ள ஓர் இடம்

மண்டபத்து மூலையில் உற்சவர் மயில் வாகனம் துணி போர்த்தி வைத்திருக்கும். ஒரு பெண் பிள்ளை, 4 வயது, தினமும் பத்து மணி வாக்கில் காணாமல் போவாள். பார்த்தால் மயிலுக்குப் பின்னால், துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "சாமி வாகனத்தைத் தொடாதே" என்று மூன்று வாரம் இழுத்து இழுத்து வந்தேன். இழுத்து வந்தால் அழுவாள், அழுதால் யாரையாவது கிள்ளுவாள். அப்புறம்தான் கவனித்தேன், டீக்கடையும் கட்டையும் சேர்ந்து சத்தம் உச்சத்துக்குப் போகும் நேரம் அதுதான். அவள் குறும்பு பண்ணவில்லை, காதுக்கு ஓய்வு தேடியிருக்கிறாள்.

இரண்டு தூணுக்கு நடுவே கைலித் துணியால் ஒரு திரை, உள்ளே தலையணை இரண்டு, ஒரு துணிப்பொம்மை. ஒருவர் அல்லது இருவர் மட்டும். உள்ளே போனவரை யாரும் கூப்பிடக் கூடாது, நானும் கூப்பிட மாட்டேன். திரையின் கீழ்ப்பக்கம் ஓரடி தூக்கியே இருக்கட்டும், கால் தெரிந்தால் ஆள் இருப்பது தெரியும். தயவுசெய்து அந்த இடத்தைத் தண்டனைக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒரே ஒரு முறை "போய் அங்கே உட்கார்" என்று கோபமாகச் சொன்னால் போதும், அது செத்துவிடும். அந்தப் பெண் இப்போது ஐந்து நிமிஷம் உள்ளே இருந்துவிட்டுத் தானாக வருகிறாள். மயிலும் நிம்மதியாக இருக்கிறது.

எட்டாம் படி: எந்த மொழி எங்கே

நம் பிள்ளைகள் தெருவில் பர்மிய மொழி, 5 வயதில் சேரும் அரசு மழலையர் வகுப்பிலும் பர்மிய மொழி, வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் தமிழ். என்னை அவர்கள் "சயாமா" என்றுதான் கூப்பிடுகிறார்கள், பர்மிய மொழியில் ஆசிரியை என்று அர்த்தம். திருத்தி "டீச்சர்" ஆக்கி என்ன ஆகப் போகிறது, அதுவும் தமிழ் இல்லையே.

பிள்ளை பர்மிய மொழியில் கேட்டால் தமிழில் பதில் சொல்லுங்கள், "தமிழில் கேள்" என்று அதட்டாதீர்கள். அதட்டினால் அது வாயை மூடும், மூடிய வாயில் எந்த மொழியும் வராது. பொருட்களின் மேல் படமும் பெயரும் ஒட்டுங்கள், பெரிய எழுத்தில், ஒரு சொல் மட்டும்: பாய், பந்து, படி. தினமும் கையால் தொடும் பொருளின் மேல் இருக்கும் சொல்லைப் பிள்ளை படம் மாதிரியே அடையாளம் கண்டுகொள்ளும்.

எழுத்துக்கு ஒரு குறிப்பு. பர்மிய எழுத்துகள் வட்டம் வட்டமாக இருக்கும், ஓலையில் எழுதி வந்த வழக்கம் என்பார்கள். மழலையர் வகுப்பில் வட்டம் போட்டுப் பழகிய கை நம்முடைய ட, ப, ம இவற்றின் மூலைகளில் தடுமாறும், ட-வை வளைத்துவிடும். கையெழுத்து மோசம் என்று நினைக்க வேண்டாம். விஜயதசமிக்கு அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறோமே, அந்தத் தட்டை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ட, அப்புறம் ப, நேர்கோடும் மூலையும் மட்டும். வட்டம் கேட்கும் பிள்ளைக்குத் தயாராக ற, ஐ எல்லாம் காத்துக்கொண்டிருக்கின்றன.

ஒன்பதாம் படி: கழிவறை, கை கழுவுவது, கொசு, அலமாரி

அலங்காரத்தை விட இதற்குத்தான் முதல் காசு போக வேண்டும். எங்கள் கோயில் கழிவறை பெரியவர்களுக்காகக் கட்டியது. இருட்டு, கால் வைக்கும் மேடைகள் இரண்டும் தள்ளித் தள்ளி, நடுவே பெரிய குழி. ஒரு பிள்ளை காலை முழுக்கத் தண்ணீரே குடிக்க மாட்டான், ஏன் என்று வெகு நாள் தெரியவில்லை. குடித்தால் அங்கே போக வேண்டுமே என்ற பயம். குழி மேல் வைக்க ஒரு சின்னப் பலகை, பிடித்துக்கொள்ள சுவரில் ஒரு கயிறு, பேட்டரி விளக்கு ஒன்று. மூன்றும் செய்த வாரமே தண்ணீர்ப் பானை காலியாக ஆரம்பித்தது.

கை கழுவத் தொட்டி எட்டவில்லையென்றால் குழாய் வைத்த வாளியை ஸ்டூல் மேல் வையுங்கள். சோப்புப் போட்டு ஒன்றிலிருந்து இருபது வரை மெதுவாக எண்ணித் தேய்க்க வேண்டும், எண்ணும் பாடமும் அதிலேயே முடிந்தது. டெங்குக் கொசு பகலில் கடிக்கும், அதாவது நம் வகுப்பு நேரத்தில். சிரட்டை, சட்டி, பூந்தொட்டித் தட்டு என்று நாம் பிள்ளைகளுக்காகச் சேர்த்து வைத்த சாமானிலேயே மழைநீர் தங்கும். வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள், முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான்.

அப்புறம் அலமாரி. 2025 மார்ச் 28-ல் சகாயிங் பக்கம் 7.7 அளவில் நிலம் நடுங்கியது, மண்டலே எப்படி ஆனது என்று எல்லோருக்கும் தெரியும், இங்கேயும் விளக்குகள் ஆடின. மறுநாளே அலமாரிகளைத் தூணோடு கயிறு போட்டுக் கட்டினோம், பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு மேலே இருந்த கனமான எதையும் இறக்கிவிட்டோம். உங்கள் வகுப்பில் இன்னும் செய்யவில்லையென்றால் மற்ற படிகளுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

பத்தாம் படி: நேரத்துக்கும் ஒரு அமைப்பு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இரண்டரை மணி நேரம். வந்ததும் நாற்பது நிமிஷம் மூலைகளில் அவரவர் இஷ்டம். அம்மாவை விட்டு வர அழும் பிள்ளைக்கு இந்த நேரம் ரொம்ப முக்கியம், வாசல் தெரியும்படி உட்கார வையுங்கள், அம்மா சொல்லிவிட்டுப் போகட்டும், நழுவிப் போக வேண்டாம். அப்புறம் எல்லோரும் சேர்ந்து பாட்டும் கதையும், பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பிறகு கை கழுவிச் சிற்றுண்டி, வெளியே ஓட்டம், மறுபடி மூலைகள், எடுத்து வைப்பது. இந்த வரிசையைப் படமாக வரைந்து கயிற்றில் தொங்கவிட்டோம். "சயாமா, எப்ப வீட்டுக்கு?" என்ற கேள்வி நின்றது. இப்போது அவர்களே படத்தைக் காட்டி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

பதினோராம் படி: புள்ளி வையுங்கள்

மண்டபத்தின் வரைபடம் ஒன்றைத் தாளில் கிறுக்கிக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை எந்தப் பிள்ளை எங்கே என்று புள்ளி வையுங்கள். சண்டை நடந்த இடத்தில் பெருக்கல் குறி. ஒரு மாதத் தாள்களை வரிசையாக விரித்துப் பாருங்கள், அறை தன் குறையைத் தானே சொல்லிவிடும். எங்கள் புத்தக மூலையில் மூன்று வாரம் புள்ளியே விழவில்லை. பிள்ளைகளுக்குப் புத்தகம் பிடிக்கவில்லை என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் ஒன்பதரை மணி வெயில் நேராக அந்தப் பாயில், கண்ணில். அம்மாக்கள் உட்காரும் தூண் பக்கம் நிழலுக்கு மாற்றியதும் புள்ளி குவிந்தது, அம்மாக்களும் படித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது பெருக்கல் குறி அதிகம் விழுவது கட்டை மூலையில், அதுவும் பதினொன்றே காலுக்கு மேல். போன ஞாயிறு அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். அன்னதானத்துக்கு அண்டா தூக்கி வருகிறவர்கள் அந்த வழியாகத்தான் அடுக்களைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் கட்டிய கோபுரம் ஒவ்வொரு முறையும் அவர்கள் காலில் இடிந்து விழுகிறது, பழி பக்கத்தில் இருப்பவன் மேல். வருகிற சனிக்கிழமை அந்தப் பாயை இரண்டாம் தூணுக்குப் பின்னால் தள்ளிப் போடப் போகிறேன். அங்கே இடம் கொஞ்சம் குறுகல், செயலாளர் அண்ணனிடம் சொல்லி மயில் வாகனத்தை இரண்டடி நகர்த்த வேண்டியிருக்கும்.